பறக்கும் விமானத்தில் 'தரை' எங்கே?

வீட்டு மின்சாரத்தின் தரை இணைப்பு, மண்ணில் புதைத்த உலோகத் தண்டில் போய் முடிகிறது. விமானத்தின் மின்சுற்றிலும் 'தரை' உண்டு. வானத்தில் மண் ஏது, மாணவர்களே?

விமானத்தில் 'தரை' என்பது மின்கலனின் எதிர்முனையோடு இணைந்த பொதுப் பாதை. நேர்முனையிலிருந்து புறப்படும் மின்னோட்டம் விளக்கு, வானொலி முதலியவற்றைக் கடந்து இப்பாதை வழியே திரும்பும். உலோக விமானங்களில் உடற்பகுதியே இப்பாதையாகப் பயன்படுவதுண்டு.

அமெரிக்காவில் ஆர்வலர்கள் பலர் வீட்டிலேயே சிறு விமானங்களைக் கட்டுகின்றனர். மின்கம்பிகளையும் தாங்களே பொருத்துகின்றனர். அப்படிப் பொருத்திய வானொலியில் சில வேளைகளில் கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் குரலோடு 'கொய்ங்' என்ற இரைச்சலும் கேட்கும். இயந்திரத்தின் வேகம் கூடினால் இரைச்சலின் சுருதியும் கூடும். இயந்திரம் சுழற்றும் ஆல்டர்னேட்டரே அதன் மூலம் என்பதற்கு இது நல்ல தடயம்.

ஓம் விதியைப் பயன்படுத்திப் பார்ப்போம்:

மின்னழுத்தம் = மின்னோட்டம் × மின்தடை

ஆல்டர்னேட்டரின் 30 ஆம்பியர் மின்னோட்டம், 0.01 ஓம் தடையுள்ள இணைப்பின் வழியே திரும்புவதாகக் கொள்வோம்.

30 × 0.01 = 0.3 வோல்ட்

இம்மின்னோட்டம் சீராக இராது. விரைவாக ஏறி இறங்கும். அதற்கேற்ப அந்த 0.3 வோல்ட்டும் ஏறி இறங்கும். ஹெட்செட்டும் அதே பாதையைப் பகிர்ந்தால், அந்த அதிர்வு குரல் குறிகையில் கலந்து இரைச்சலாகக் கேட்கும். கோபுரம் சொல்லும் ஓர் எண் தவறாகக் காதில் விழுந்தாலும் ஆபத்துதான்.

தீர்வு எளிது. ஒவ்வொரு கருவிக்கும் தனித் திரும்பு கம்பி இட்டு, எல்லாவற்றையும் ஒரே புள்ளியில் சேர்க்க வேண்டும். ஹெட்செட்டைச் செருகும் துளை உலோக உடலைத் தொடாதபடி மின்கடத்தா வாஷர் பொருத்தி, அதன் திரும்பு கம்பியை வானொலிக்கே கொண்டு செல்ல வேண்டும்.

பர்ட் ருட்டான் வடிவமைத்து 1979இல் முதன்முதலாகப் பறந்த 'லாங்-ஈஸி' விமானத்தின் உடல், நுரைப்பொருள் மீது கண்ணாடி இழை போர்த்திச் செய்யப்பட்டது. அது மின்சாரத்தைக் கடத்தாது. எனவே, பின்புறம் உள்ள இயந்திரத்துக்கும் முன்புறக் கருவிகளுக்கும் திரும்பு பாதையைக் கம்பியாலேயே அமைக்க வேண்டும்.

சிந்திக்க: துருவினால் அந்த இணைப்பின் தடை 0.02 ஓம் ஆனால், மின்னழுத்தம் எவ்வளவு? இரைச்சல் கூடுமா, குறையுமா?