தூதுரைக்கும் மாணாக்கர்: மாதிரி ஐ.நா. அவையும் வடசென்னைப் பள்ளிப் பிள்ளைகளும்

முன்னுரை

தன் பொருட்டுப் பேசுவதற்குத் துணிவு ஒன்றே போதும். பிறர் பொருட்டுப் பேசுவதற்கோ துணிவோடு அடக்கமும் வேண்டும். இவ்வரிய கலையைப் பண்டைத் தமிழர் 'தூது' எனப் போற்றினர். இன்று பள்ளி மாணாக்கர் பல நாடுகளில் பயிலும் 'மாதிரி ஐ.நா. அவை' இக்கலையின் புதிய பயிற்சிக்களமே ஆகும். நெதர்லாந்தின் ஹேக் நகரில் 1968 முதல் பள்ளி மாணாக்கர்க்கென இத்தகைய அவை கூடிவருகிறது. சென்னைப் பள்ளிகள் சிலவற்றிலும் இது நடைபெறுகிறது. ஆயினும் இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளில் துறைமுகத் தொழிலாளர், மீனவர் இல்லங்களிலிருந்து பயில வரும் பிள்ளைகளுள் பலர்க்கு இஃது எட்டாக் கனியாகவே உள்ளது. உலகம் கப்பலேறி வந்து நிற்கும் வாயிலில் வாழும் அப்பிள்ளைகளை இவ்வவைக்கு ஆயத்தம் செய்யும் முறையை இக்கட்டுரை ஆராய்கிறது.

தூதின் இலக்கணம்

திருக்குறள் பொருட்பாலில் தூது (69) தனி அதிகாரமாக அமைந்துள்ளது. சொல்வன்மை (65), அவையறிதல் (72), அவையஞ்சாமை (73) ஆகியனவும் அருகிலேயே உள்ளன. அன்பும் அறிவும் ஆய்ந்து பேசும் திறனும் தூதர்க்கு இன்றியமையாதன என்பது வள்ளுவர் கருத்து. இவற்றுள் அன்பு முதலில் நிற்பது எண்ணத்தக்கது. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், அவனுடைய படைக்கலங்களின் பொலிவைப் புகழ்வார்போல் அவை போர் காணாதவை என்பதைக் குறிப்பாற் புலப்படுத்தியதைப் புறநானூறு (95) காட்டும். சினச்சொல் ஒன்றும் இன்றியே சொல்ல வேண்டியது சொல்லப்பட்டுவிட்டது.

அண்மைக் காலத்திலும் சான்று உண்டு. 1945இல் சான்பிரான்சிஸ்கோ மாநாட்டில் இந்தியக் குழுவிற்குத் தலைமை தாங்கியவர் ஆற்காடு இராமசாமி முதலியார். 1946இல் ஐ.நா. பொருளாதார சமூக மன்றத்தின் முதல் தலைவராக விளங்கியவரும் அவரே.

முதற்பயிற்சி: 'நான்' நீங்குதல்

மாதிரி அவையில் ஒவ்வொரு மாணாக்கரும் ஒரு நாட்டின் பேராளர் ஆவார். பெரும்பாலும் அது தம் நாடாக இராது. 'நான் எண்ணுகிறேன்' என்னாது, 'கென்யா கருதுகிறது' எனப் பேசுதல் மரபு. ஆசிரியர் முதலில் ஒரு பக்க அளவில் நிலைப்பாட்டுக் குறிப்பு எழுதச் செய்தல் வேண்டும். அந்நாட்டின் நிலம், வருவாய், அண்டை நாடுகள், எடுத்த பொருளில் அதன் நலன் ஆகிய நான்கும் அதில் இடம்பெற்றால் போதும். அதன்பின் ஒரு நிமிட உரை. உரை முடிந்ததும் முன்னர்ப் பேசியவர் கூறியதை அவரே ஒப்புமாறு திருப்பிக் கூறுதல். பேச்சுப் பயிற்சியை நாம் பலவாறு அளிக்கிறோம். கேட்டல் பயிற்சியை அளிப்பது அரிது. அவ்விடைவெளியை இது நிரப்பும்.

எண்ணூர்க் கடலே பாடம்

தொலைநாட்டுச் சிக்கலை எடுத்துப் பிள்ளைகளை மருட்ட வேண்டுவதில்லை. 2017 சனவரி 28 அன்று எண்ணூர் காமராசர் துறைமுகத்திற்கு அருகே இரு கப்பல்கள் மோதின. எரிவாயுவை இறக்கிவிட்டு வெளியேறிய பி.டபிள்யூ. மேப்பிள், மேன் தீவின் கொடியைத் தாங்கியது. எண்ணெய்ப் பொருளுடன் உள்ளே வந்த டான் காஞ்சிபுரம் இந்தியக் கொடியினது. கசிந்த எண்ணெய் எர்ணாவூர்க் கரையில் கருங்குழம்பாய்த் திரண்டது. தொண்டர்களும் தொழிலாளரும் வாளிகளால் அதனை அள்ளினர். மீன் வாங்க மக்கள் அஞ்சினர்.

இந்நிகழ்ச்சியை வைத்துப் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் மாதிரி அவையைக் கூட்டலாம். மேன் தீவு ஐ.நா. உறுப்பு நாடு அன்று. அதன் அயலுறவுகளுக்குப் பிரிட்டனே பொறுப்பு. ஆகவே ஒரு மாணாக்கர் பிரிட்டனுக்காகப் பேசுவார். கரை நம்முடையது என இந்தியப் பேராளர் முழங்குவார். 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கை கடற்கரை நாட்டிற்கு 12 கடல் மைல் வரை இறைமை அளிப்பதை அவர் எடுத்துக்காட்டுவார். அதே உடன்படிக்கை கொடி நாட்டிற்கும் கப்பலைக் கண்காணிக்கும் கடமையை விதித்திருப்பதை மற்றவர் நினைவூட்டுவார். அப்போது ஓர் உண்மை வெளிப்படும்: எண்ணெய் கசிந்தது இந்தியக் கொடிக் கப்பலிலிருந்தே. இந்தியா கரை நாடாகவும் கொடி நாடாகவும் ஒருங்கே நிற்கிறது. 2021இல் சிங்கப்பூர்க் கொடி தாங்கிய எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் கொழும்பு அருகே எரிந்து மூழ்கியதை இலங்கைப் பேராளர் எடுத்துரைக்கலாம்.

தந்தை வலையைச் சுருட்டி வைத்துவிட்டு வீட்டில் அமர்ந்திருந்த நாட்களைக் கண்ட பிள்ளைக்குப் பிரிட்டனின் இருக்கையை அளிப்பது கொடுமையன்றோ என ஒருவர் வினவலாம். வினா நேரியதே. எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை அறியாதவர் தம் இழப்பை உரைத்தால் இரக்கம் கிடைக்கும். தீர்வு கிடைப்பது அரிது. மறுதரப்பின் இருக்கையில் ஒருமுறை அமர்ந்து எழுந்த பிள்ளை, நாளை இழப்பீடு கேட்டு அலுவலர்முன் நிற்கும்போது எந்த விடை வரும் என்பதை முன்னரே அறிந்திருக்கும். இப்பயிற்சியின் பயன் இதுவே.

தீர்மானமும் வினையெச்சமும்

அவையின் முடிவு தீர்மானமாக எழுதப்படும். ஐ.நா. தீர்மானம் எத்துணைப் பக்கம் நீளினும் இலக்கண வகையால் ஒரே தொடராகும். 'பொது அவை' என்பது எழுவாய். முன்னுரைப் பகுதியில் 'நினைவுகூர்ந்து', 'கவலையுற்று', 'வரவேற்று' என எச்சங்கள் அடுக்கி வரும். செயற்பகுதியில் 'வேண்டுகிறது', 'வலியுறுத்துகிறது', 'முடிவு செய்கிறது' என முற்றுகள் எண்ணிட்டு வரும். வினையெச்சம் வினைமுற்றை நோக்கி நிற்பதுபோல், காரணங்கள் செயலை நோக்கி நிற்கின்றன. எட்டாம் வகுப்பிலேயே எச்சமும் முற்றும் கற்ற தமிழ் மாணாக்கர்க்கு இவ்வமைப்பு புதிதன்று. கவலையுற்றுக் கவலையுற்றே முற்றுப் பெறாது நின்றுவிடும் வரைவை ஆசிரியர் திருப்பித் தந்து, 'அவை என்ன செய்கிறது?' என வினவல் வேண்டும்.

வரைவு உருவாகுங்கால் சொல்லுக்குச் சொல் பேரம் நிகழும். கி.பி. 628இல் ஹுதைபிய்யா உடன்படிக்கை எழுதப்பட்டபோது 'இறைத்தூதர்' என்னும் சொல்லை மக்கத்துப் பேராளர் ஏற்க மறுத்தார். நபிகள் நாயகம் (ஸல்) அச்சொல்லை நீக்கி, தம் தந்தையார் பெயரோடு தம் பெயரை எழுத இசைந்தார்கள். தோழர் சிலர்க்கு அது தாழ்வாகத் தோன்றிற்று. ஆனால் உடன்படிக்கை நிறைவேறியது. எச்சொல்லை விடலாம், எக்கொள்கையை விடலாகாது எனப் பகுத்தறிதலே தூதின் உயிர்.

மொழித் தயக்கம்

ஐ.நா.வின் அலுவல் மொழிகள் ஆறு. அரபு 1973இல் அவற்றுள் சேர்ந்தது. வேறு மொழியில் பேச விழையும் பேராளர் தாமே மொழிபெயர்ப்பிற்கு ஏற்பாடு செய்து பேசலாம். 1977இல் வெளியுறவு அமைச்சர் வாஜ்பாய் அவ்வவையில் இந்தியில் உரையாற்றினார். ஆகவே நம் பள்ளிகளிலும் முதற்கட்ட அமர்வுகளை முழுவதும் தமிழில் நடத்துவதில் தடையில்லை. கருத்துத் தெளிந்தபின் அவைக்குரிய ஆங்கில மரபுத்தொடர்களைப் பயிற்றலாம். சொல்லப் பொருள் உடையவர்க்கு மொழி விரைவில் வசப்படும். பொருளற்ற மனப்பாடம் முதல் குறுக்கு வினாவிலேயே உதிர்ந்துவிடும்.

முடிவுரை

இப்பயிற்சிக்கு ஒரு வகுப்பறை, நாட்டுப் பெயர் எழுதிய அட்டைகள், நூலகத்தில் ஓர் உலகப்படம், சனிக்கிழமைகளில் இரண்டு மணி நேரம் ஆகியவை போதும். தமிழ்த்துறை மாணாக்கர் அருகிலுள்ள பள்ளிகளுக்குச் சென்று அவைத் தலைவராகவும் செயலராகவும் துணைநிற்றல் வேண்டும். ஊர்ப் பெரியோர் பார்வையாளராக வந்து அமர்ந்தால் பிள்ளைகளின் அவையச்சம் அகலும். பிறர் பொருட்டுப் பேசக் கற்ற தலைமுறை தன் கரைக்காகவும் செவ்வனே பேசும் என்பது திண்ணம்.