புது நாடகத்துக்குப் பணம் திரட்டப் போகிறீர்களா?

முதலில் செலவுப் பட்டியல். அரங்க அமைப்பும் விளக்கும் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். ஒத்திகை ஹால் வாடகை, இரண்டு மாத டீ-வடை, சாமான் ஏற்றும் மினி லாரி மறந்துபோகும். நாடக விழாவுக்குப் போவதாக இருந்தால், விழாக்காரர்கள் பயணப்படியை முன்கூட்டியே தருவார்களா, காட்சி முடிந்த பிறகா என்பதை எழுத்தில் வாங்குங்கள். ‘வந்துவிடும்’ என்று நம்பி வட்டிக்கு வாங்கிய அனுபவம் எங்கள் குழுவுக்கே உண்டு.

விழாவுக்கு முன்பே சொந்த ஊரில் ஒரு காட்சி போட்டுவிடுங்கள். 500 ரூபாய் வரையிலான நாடக டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது. காட்சியையொட்டி வெளியிடும் மலருக்கு விளம்பரம் கேட்டுப் பெரிய கம்பெனி வாசலில் காத்துக் கிடப்பதைவிடத் தெருமுனை மெஸ், ஜவுளிக்கடை மேல். ரொக்கம் தர யோசிப்பவரிடம் பொருளாகக் கேளுங்கள்: திரைக்குத் துணி, நோட்டீஸ் அச்சு, நடிகர்களுக்கு ஒருவேளைச் சாப்பாடு. கேட்கப் போகும்போது ரசீதுப் புத்தகம் கையில் இருக்கட்டும். ஐம்பது ரூபாய்க்கும் கிழித்துக் கொடுங்கள்.

வெளிநாட்டு நண்பர் அனுப்புகிறேன் என்றால் அவர் குடியுரிமையைக் கேளுங்கள். அந்நாட்டுக் குடிமகனாகிவிட்டவர் என்றால், வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்ட (எஃப்சிஆர்ஏ) அனுமதி இல்லாமல் குழுவின் கணக்கில் அந்தப் பணத்தை வாங்கக் கூடாது.