இலைகளிற் படியும் தூசு

மாணவர்களே, "வீட்டினுள் வளர்க்கும் மணிபிளான்ட் செடியின் இலைகளை இடைக்கிடை துடைப்பது ஏன்?" என்னும் வினாவுக்குப் பலர் "அழகுக்காக" என்று எழுதிப் புள்ளிகளை இழக்கின்றனர். சரியான காரணத்தை விளங்கிக்கொள்வோம்.

வீட்டினுள் ஒளி குறைவு. தூசைக் கழுவ மழையும் இல்லை. இலையின் மேற்பரப்பிற் படியும் தூசு, கிடைக்கும் ஒளியையும் தடுப்பதால் ஒளித்தொகுப்பு வீதம் குறைகின்றது. சிலர் "இலைவாய்கள் அடைபடும்" என்று மட்டும் எழுதுவர். பல தாவரங்களில் இலைவாய்கள் கூடுதலாகக் கீழ்ப்பரப்பிலேயே உள்ளன. தூசோ கூடுதலாக மேற்பரப்பிற் படிகின்றது. எனவே ஒளி தடைப்படுவதையே முதலில் எழுதுங்கள்.

துடைக்கும் முறை:
1. இலையை ஒரு கையால் தாங்கி, ஈரமான மென்துணியால் காம்பிலிருந்து நுனிவரை துடைக்குக.
2. கீழ்ப்பரப்பையும் துடைக்குக. பூச்சிகள் ஒளிந்திருப்பது பெரும்பாலும் அங்கேதான்.
3. பளபளப்புக்காகத் தேங்காயெண்ணெய் பூசற்க. அதில் மேலும் தூசு ஒட்டும்; இலைவாய்களும் அடைபடலாம்.
4. ஆபிரிக்க வயலட் போன்ற மயிருள்ள இலைகளை நனைக்காது, உலர்ந்த மென்தூரிகையால் தட்டிவிடுக.

நினைவிற் கொள்க: ஒளி தடைப்படல் – ஒளித்தொகுப்புக் குறைதல் – உணவு உற்பத்தி குறைதல் – வளர்ச்சி குன்றல். இவ்வொழுங்கில் எழுதினால் விடை முழுமை பெறும்.

இன்றே உங்கள் வீட்டுச் செடியின் ஓர் இலையைத் துடைத்துத் துணியைப் பாருங்கள். விடை மறக்காது.