டீன் ஏஜ் பிள்ளைகளோடு காதல் காமெடி பார்க்கப் போகிறீர்களா?

கொல்கத்தாவில் வசிக்கும் தமிழ்க் குடும்பங்களுக்குச் சில குறிப்புகள்:

* முதலில் சென்சார் சான்றிதழைப் பாருங்கள். 2024 விதிகளின்படி யு/ஏ பிரிவு 7+, 13+, 16+ என மூன்றாகியிருக்கிறது. கடைக்குட்டியின் வயதை வைத்து முடிவு செய்யுங்கள்.

* சான்றிதழ் மட்டும் போதாது. பழைய 'யு' படங்களிலும் விரட்டி விரட்டிக் காதலிப்பதும் உருவக்கேலியும் உண்டு. முன்கூட்டியே அரைமணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள்.

* வங்க மொழியில் தொடங்க ஏற்றது 'ஷாரே சுயாத்தோர்' (1953). உத்தம் குமார், சுசித்ரா சென் ஜோடியின் முதல் படம். கொல்கத்தா மெஸ் விடுதி ஒன்றில் காதல் கடிதத்தால் கிளம்பும் கலாட்டா. தாத்தா பாட்டியும் சேர்ந்து சிரிக்கலாம்.

* 'பசந்த பிலாப்' (1973) பெண்கள் விடுதிக்கும் பேட்டை இளைஞர்களுக்குமான மோதல். எது கிண்டல், எது சீண்டல் என்று பேச நல்ல வாய்ப்பு.

* தமிழுக்கு, ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' (1964). நாகேஷ், பாலையாவுக்குக் கதை சொல்லும் காட்சி ஒன்றே போதும்!

* இரண்டு மூன்று படங்களை நீங்கள் சலித்து வையுங்கள். இறுதித் தேர்வு பிள்ளைகளுடையதாக இருக்கட்டும்.

* நெளிய வைக்கும் காட்சி வந்தால் ரிமோட்டைத் தேடாதீர்கள். படம் முடிந்ததும் இயல்பாகப் பேசுங்கள். உபதேசம் மட்டும் வேண்டாம்.