கியோத்தோ கிளம்புற தங்கச்சிக்கு

வீசா வந்துடுச்சுன்னு சொன்னதும் எனக்கே கால் தரையில நிக்கலடி. முதல்ல பெட்டியைக் கட்டு. கறிவேப்பிலை, மாம்பழம்னு பச்சையா எதுவும் வைக்காதே, சான்றிதழ் இல்லாம ஜப்பானுக்குள்ள விடமாட்டாங்க. சளி மாத்திரை அட்டையில சூடோஎஃபெட்ரின்னு இருந்தா அதையும் வெளியே எடுத்து வச்சிடு. அளவு கூடினா அங்கே தடை. நம்ம உருண்டை முள் பிளக்கு அங்கே சேராது, தட்டை முள் அடாப்டர் வாங்கிக்கோ.

சாப்பாட்டுலதான் நீ உஷாரா இருக்கணும். காய்கறி மட்டும் மிதக்குற சூப்பா இருந்தாலும், அடியில இருக்கிறது பெரும்பாலும் தாஷி. காய்ஞ்ச சூரை மீனைச் சீவிப்போட்டு இறக்கின சாறு அது. உடோன், பொரிச்ச தோஃபு மேல ஊத்துற குழம்பு, எல்லாத்துலயும் வரும். இறைச்சி வேண்டாம்னு மட்டும் சொன்னா, மீனை இறைச்சிக் கணக்குல சேர்க்கமாட்டாங்க. "இறைச்சி, மீன், மீன் தாஷி கூடாது"ன்னு ஜப்பான் எழுத்துல போன்ல வச்சுக்காட்டு. அதே ஊர்லதான் பிக்குகளோட சைவச் சமையல் ஷோஜின் ரியோரியும் இருக்கு. விலை கூடத்தான், முன்னாடியே பதிவு பண்ணணும். ஆனாலும் ஒரு வேளை சாப்பிட்டுடு.

ஒரு நாளைக்கு ரெண்டு கோயில் போதும். ஓடி ஓடிப் பார்த்தா ஒண்ணும் மனசுல நிக்காது. ஃபுஷிமி இனாரிக்கு விடியற்காலையில போ. கட்டணம் இல்ல, ராப்பகல் திறந்திருக்கும், கியோத்தோ ஸ்டேஷன்லேருந்து ஜேஆர் நாரா லைன்ல ரெண்டாவது நிறுத்தம். மத்த கோயில் பலதும் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள சாத்திடுவாங்க.

சஞ்சூசாங்கென்தோவை மட்டும் விட்டுடாதே. 1266ல திரும்பக் கட்டின நீளமான மர மண்டபம், உள்ளே 1001 கண்ணோன் சிலைங்க. கூடவே நிக்கிற 28 காவல் தெய்வங்கள்ல பிரம்மாவும் இந்திரனும் இருக்காங்க! செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமில்லாம பிரம்மாவுக்கும் ஈசனுக்கும் திருமாலுக்கும் மகேந்திரவர்மன் குடைஞ்ச மண்டகப்பட்டுக் கோயிலைப் பார்த்து வளர்ந்தவ நீ. அதே பிரம்மா அங்கே மரத்துல எப்படி நிக்கிறார்னு நின்னு பாரு. செருப்பைக் கழட்டணும், உள்ளே படம் எடுக்கக்கூடாது.

சிட்டி பஸ்ல பின் கதவுல ஏறி, இறங்கும்போது முன்னாடி டிரைவர்கிட்ட 230 யென் போடணும். மீதி தரமாட்டாங்க, சில்லறையா வச்சுக்கோ. இல்லேன்னா இகோகா அட்டை வாங்கிடு, ரயிலுக்கும் ஆகும். பெரிய பெட்டியோட பஸ் ஏறாதே, ஸ்டேஷன் லாக்கர்ல வச்சிட்டுப் போ.