வெயில் ஊரிலிருந்து குளிர் மலைக்கு: ஊவாவில் உங்கள் முதல் ஓராண்டு

இந்தப் பாடம் யாருக்கு?

தமிழ்நாட்டு முகாம்களிலிருந்தோ, வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளிலிருந்தோ பதுளை மாவட்டத்துக்குத் திரும்பி வரும் குடும்பங்களுக்காக இந்தப் பாடம் எழுதப்பட்டுள்ளது. 1977ஆம் ஆண்டிலும் 1983ஆம் ஆண்டிலும் நடந்த வன்செயல்களின்போது மலையகத் தோட்டங்களை விட்டுப் பல குடும்பங்கள் வன்னிக்குப் போயின. அவர்களில் பலர் பிறகு போரினால் மறுபடியும் இடம்பெயர்ந்து, கடல் கடந்து இந்தியாவுக்குப் போனார்கள். இன்று திரும்பும் பல குடும்பங்களில் தாத்தாவும் அப்பாயியும் மட்டுமே மலையில் பிறந்தவர்கள். மகனுக்கும் மருமகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் தெரிந்ததெல்லாம் வெயிலும் உப்புக்காற்றும்தான். ஆகவே பெரியவர்களுக்கு இது ஊர் திரும்புதல். இளையவர்களுக்குப் புதிய ஊர். இருவரும் சேர்ந்து இந்தப் பாடத்தைப் படியுங்கள்.

இந்தப் பாடத்தின் முடிவில் நீங்கள் அறிந்திருப்பவை:
• உங்கள் ஊரின் குளிரும் மழையும் எப்போது, எவ்வளவு
• குளிரில் உயிருக்கு ஆபத்தான இரண்டு தவறுகள்
• வீடு அமைக்கும் முன் மலைச்சரிவை எப்படிப் பார்ப்பது
• முதல் மாதங்களில் சமையல், உடுப்பு, வீட்டுத்தோட்டம்

1. எவ்வளவு குளிர்?

கடல் மட்டத்திலிருந்து ஒவ்வோர் ஆயிரம் மீற்றர் மேலே போகும்போதும் வெப்பம் ஏறக்குறைய ஆறரை பாகை குறையும். பதுளை நகரம் சுமார் 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பண்டாரவளை சுமார் 1,220 மீற்றர். அப்புத்தளை 1,400 மீற்றருக்கும் மேல். அப்புத்தளைக்கு அப்பால் ரயில் பாதையில் உள்ள இதல்கஸ்ஹின்ன 1,600 மீற்றரைத் தாண்டிவிடும். எனவே “பதுளை மாவட்டம்” என்றால் ஒரே குளிர் என்று எண்ண வேண்டாம். பதுளை டவுனில் பகலில் வியர்க்கும் அதே நாளில் அப்புத்தளையில் ஸ்வெட்டர் வேண்டியிருக்கும்.

மண்டபத்திலும் வவுனியாவிலும் ஆண்டு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் சராசரி வெப்பம் 28 பாகையை ஒட்டி இருக்கும். பண்டாரவளையில் அது 20 பாகையை ஒட்டியது. ஜனவரி இரவுகளில் 15 பாகைக்குக் கீழே இறங்குவதும் உண்டு.

பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்று: “அங்கே பனி கொட்டுமா?” சினிமாவில் பார்க்கும் வெண்பனி இலங்கையில் எங்கும் பெய்வதில்லை. உறவினர்கள் “பனி மூடிட்டுது” என்று சொன்னால் அது மலையை மறைக்கும் மூடுபனி. ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் நுவரெலியா போன்ற மிக உயர்ந்த இடங்களில் சில விடியற்காலைகளில் புல்லின்மேல் உறைபனி படிந்து தேயிலைக் கொழுந்தைக் கருக்கும். அவ்வளவுதான்.

இன்னொரு பயம்: “மேலே ஏறும்போது மூச்சு முட்டுதே, காற்று போதாதா?” இந்த உயரத்தில் காற்று போதும். மூச்சு வாங்குவது ஏற்றத்தினால். சமதரையில் பழகிய கால்கள் படிக்கட்டும் ஒற்றையடிப் பாதையும் ஏறப் பழகச் சில வாரங்கள் ஆகும். மெதுவாக நடந்து, நின்று, மறுபடி நடங்கள். ஆனால் நெஞ்சில் வலியோ இறுக்கமோ வந்தால் அதை மலைமேல் பழி போடாமல் உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

2. மழையின் நாட்காட்டி

அற்றன், நுவரெலியாப் பக்கத்து உறவினர் சொல்லும் மழைக்காலமும் ஊவாவின் மழைக்காலமும் ஒன்றல்ல. மத்திய மலைத்தொடரின் மேற்குச் சரிவில் ஜூன், ஜூலையில் மழை கொட்டும்போது கிழக்குச் சரிவான ஊவாவில் காய்ந்த காற்று வீசும். அந்தக் காற்றினால்தான் ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்கு உலகம் அறிந்த வாசம் கிடைக்கிறது.

• ஒக்டோபர் நடுப்பகுதி முதல் ஜனவரி வரை: பெருமழை. குளிர், ஈரம், மண்சரிவு அபாயம்.
• மார்ச், ஏப்ரல்: பிற்பகல் இடிமழை.
• ஜூன் முதல் செப்டெம்பர் வரை: வரண்ட காற்று. பீலியில் தண்ணீர் குறையும்.

எந்த மாதத்தில் வருவது என்று தீர்மானிக்க உங்களுக்கு வாய்ப்பு இருந்தால் ஜனவரி இறுதிக்கும் மார்ச்சுக்கும் இடையில் வாருங்கள். பாடசாலை ஆண்டின் தொடக்கத்தோடும் அது ஓரளவு பொருந்தும். நவம்பரில் கைக்குழந்தையோடு வந்து இறங்குவதுதான் மிகக் கடினம்.

3. உடுப்பும் படுக்கையும்

ஒரே தடித்த உடுப்பைவிட ஒன்றின்மேல் ஒன்றாகப் போடும் இரண்டு மூன்று மெல்லிய உடுப்புகள் அதிகச் சூடு தரும். அவற்றுக்கு இடையில் நிற்கும் காற்றே சூட்டைக் காக்கிறது. தலையையும் காதையும் காலையும் மூடுங்கள். மழையில் நனைந்த உடுப்போடு இருப்பதுதான் குளிரில் பெரிய கேடு. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, ஈர உடுப்பை மாற்றுவது.

சீமெந்துத் தரையில் பாய் மட்டும் விரித்துப் படுப்பது முகாமில் சரியாக இருந்தது. இங்கே தரை உடம்பின் சூட்டை இழுத்துவிடும். கட்டில் இல்லாவிட்டால் பலகை, அதன்மேல் சாக்கு அல்லது மட்டை, அதன்மேல் பாய் என்று போடுங்கள். கம்பளி வாங்கக் காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் அது மேலே போர்த்த வேண்டியதா, கீழே விரிக்க வேண்டியதா என்று பலர் கேட்பார்கள். கீழே சாக்கும் மட்டையும் போதும். கம்பளி மேலே இருக்கட்டும்.

4. அடுப்பும் கரியும்: கவனமாகப் படிக்கவும்

குளிர் தாங்காத இரவில் அடுப்புத் தணலை ஒரு சட்டியில் அள்ளிப் படுக்கும் காம்பராவுக்குள் கொண்டுவந்து, கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டுத் தூங்குவது இயல்பாகத் தோன்றும். இதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

எரியும் கரியிலிருந்து காபனோரொட்சைட்டு என்ற வாயு வெளியாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணும் எரியாது. புகை வந்தால்தான் ஆபத்து என்று நாம் நினைக்கிறோம். தணல் புகையாமல் கனியும்போதும் இந்த வாயு வந்துகொண்டே இருக்கும். முதலில் தலைவலி, பிறகு தலைசுற்று, வாந்தி, தூக்க மயக்கம். தூங்குகிறவருக்கு இந்த அறிகுறிகள் தெரியவே தெரியாது. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் ஒரே இரவில் முழுக் குடும்பமும் இறந்துபோகலாம்.

சூடு வேண்டுமானால்:
• படுக்கும் முன் குசினியில், கதவைத் திறந்து வைத்து, அடுப்பருகே உட்கார்ந்து காயுங்கள். பிறகு அடுப்பை அணைத்துவிட்டுப் படுக்கப் போங்கள்.
• இறுக மூடிய போத்தலில் சுடுதண்ணீர் ஊற்றித் துணியில் சுற்றிக் கால்மாட்டில் வையுங்கள். கைக்குழந்தையின் உடம்பில் படும்படி வைக்க வேண்டாம்.
• யாருக்காவது அடுப்பறையில் தலைசுற்றினால் உடனே வெளிக் காற்றுக்குக் கொண்டுபோங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

விறகாகக் கவ்வாத்து மிலாறும் சவுக்குக் கொப்பும் கிடைக்கும். பச்சை விறகு அதிகம் புகையும். அந்தப் புகை பிள்ளைகளின் நெஞ்சைக் கெடுக்கும். வரண்ட மாதங்களிலேயே விறகைச் சேர்த்து, கூரைக்குக் கீழே காயவைத்து அடுக்கிக்கொள்ளுங்கள்.

5. கைக்குழந்தை, சிறுபிள்ளை, முதியவர்

பிறந்த குழந்தை தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. குழந்தையைத் தாயின் வெற்று மார்போடு சேர்த்து அணைத்து, இருவரையும் சேர்த்துப் போர்த்துங்கள். தொப்பியும் காலுறையும் போடுங்கள். குளிப்பாட்டுவது நண்பகலில், சுடுதண்ணீரில், சுருக்கமாக. குழந்தையின் வயிற்றைத் தொட்டுப் பாருங்கள்; வயிறே குளிர்ந்திருந்தால், அல்லது குழந்தை சோர்ந்து பால் குடிக்க மறுத்தால், உடனே வைத்தியசாலை.

தடிமன் எல்லோருக்கும் வரும். ஆனால் நியூமோனியா வேறு. பிள்ளை அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். நெஞ்சு ஒரு முறை உயர்ந்து தாழ்ந்தால் ஒன்று.
• 2 மாதத்துக்குட்பட்ட குழந்தை: 60 அல்லது அதற்கு மேல்
• 2 மாதம் முதல் 1 வயது வரை: 50 அல்லது அதற்கு மேல்
• 1 முதல் 5 வயது வரை: 40 அல்லது அதற்கு மேல்

இந்த எண்ணிக்கை வந்தால், அல்லது மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தால், காலை வரை காத்திருக்க வேண்டாம். தோட்ட மருந்தகம் பூட்டியிருந்தால் பதுளை அல்லது தியத்தலாவை அரச வைத்தியசாலைக்குப் போங்கள். தமிழ்நாட்டில் கொடுத்த தடுப்பூசி அட்டையைத் தவறாமல் கொண்டுவந்து, உங்கள் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தரிடம் காட்டுங்கள்.

முதியவர்கள் “நாங்க இந்தக் குளிர்லதானே பொறந்தோம்” என்பார்கள். உண்மைதான். ஆனால் முப்பது, நாற்பது ஆண்டு வெயிலில் வாழ்ந்த உடம்பு அது. இரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்கள் குறைந்தது ஒரு மாத மருந்தையும், மருந்தின் பெயர் எழுதிய சீட்டையும் கையில் வைத்துக்கொண்டு வரவேண்டும்.

6. குசினியில் என்ன மாறும்?

• பண்டாரவளை உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 96 பாகையிலேயே கொதித்துவிடும். அதனால் பருப்பும் கடலையும் வேகக் கூடுதல் நேரம் எடுக்கும். முதல் நாள் இரவே ஊறவையுங்கள். கிருமியைக் கொல்ல இந்தக் கொதி போதும். பீலித் தண்ணீர் கண்ணாடிபோலத் தெரிந்தாலும் கொதிக்கவைத்தே குடியுங்கள். மேலே உள்ள லயத்தின் கழிவு கீழே உள்ள பீலிக்கு வரக்கூடும்.
• தோசை மா ஓர் இரவில் பொங்காது. மாலையில் அடுப்பு அணைந்த பிறகு அதன் இளஞ்சூட்டுக்குப் பக்கத்தில் பாத்திரத்தைத் துணியால் சுற்றி வையுங்கள்.
• தேங்காய் எண்ணெய் போத்தலில் உறைந்து வெள்ளையாகும். அது கெட்டுப்போகவில்லை.
• கச்சான், காய்ந்த மிளகாய், அரிசி ஆகியவை ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். இறுக மூடும் டின்னில் வைத்து, வெயில் வரும் நாளில் காயவையுங்கள். பூஞ்சணம் பிடித்த கச்சானைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

7. வீட்டுக்கு முன், மலையைப் பாருங்கள்

2014 ஒக்டோபர் 29 அன்று காலை, பதுளை மாவட்டத்தின் ஹல்துமுல்லைப் பிரிவில் உள்ள கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆனால் போக வேறு இடம் இல்லாமல் மக்கள் அங்கேயே வாழ்ந்தார்கள். திரும்பி வரும் குடும்பங்களுக்கு இதில் நேரடிப் பாடம் உண்டு. ஏனென்றால் கடைசியாக வருபவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் மற்றவர்கள் வேண்டாம் என்று விட்ட காணிதான். சித்தப்பா அன்போடு காட்டும் இரண்டு பேர்ச்சஸ் துண்டு, செங்குத்தாக வெட்டிய மண்மேட்டின் அடியில் இருக்கலாம்.

சித்தப்பாவின் மனம் நோகாமல் மறுப்பது கடினம். “மழைக்காலம் முடியட்டும், சித்தப்பா. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை வந்த பிறகு அடித்தளம் போடுவோம்” என்று சொல்லலாம். பதுளை மாவட்டத்தில் வீடு கட்டுவதற்கு அந்த நிறுவனத்தின் மண்சரிவு அபாய மதிப்பீடு எப்படியும் தேவை. எப்படி விண்ணப்பிப்பது என்று பிரதேச சபையிலோ கிராம உத்தியோகத்தரிடமோ கேளுங்கள். தோட்டக் காணியானால் தோட்ட நிர்வாகத்தின் எழுத்துமூல அனுமதியும் வேண்டும்.

குடியிருக்கும் இடத்தில் இந்த அடையாளங்களைக் கண்டால் அங்கிருந்து விலகி, உடனே கிராம உத்தியோகத்தருக்குச் சொல்லுங்கள்:
• நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு. அது நாளுக்கு நாள் அகலமாவது
• மரங்களும் மின்கம்பங்களும் சாய்வது
• திடீரென்று புதிய ஊற்று கிளம்புவது, அல்லது ஓடிய ஊற்று நின்றுபோவது, சேறாவது
• கதவு, ஜன்னல் காரணமில்லாமல் இறுகுவது

மண்சரிவு எச்சரிக்கை மூன்று நிறங்களில் வரும். மஞ்சள்: விழிப்பாக இருங்கள். செம்மஞ்சள்: புறப்பட ஆயத்தமாகுங்கள். சிவப்பு: உடனே வெளியேறுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அழைப்பு இலக்கம் 117.

வீட்டுப் பயிற்சி: பக்கங்கள் நேராக உள்ள ஒரு டின்னைத் திறந்த வெளியில் வையுங்கள். ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் அடிமட்டத்தால் தண்ணீரின் உயரத்தை அளந்து, எழுதிவிட்டு ஊற்றிவிடுங்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு. 100 என்றால் பையைக் கட்டுங்கள். 150 என்றால் யாரும் வந்து சொல்லும்வரை காத்திருக்காமல் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். இந்த வேலையைப் பாடசாலைக்குப் போகும் பிள்ளையிடம் கொடுங்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், முகாம் பத்திரங்கள், மருந்து, டோர்ச் ஆகியவற்றைத் தண்ணீர் புகாத ஒரே பையில் கதவருகே வையுங்கள்.

8. மண்ணும் மனமும்

வன்னியில் கச்சானும் நெல்லும் போட்ட கைகளுக்கு இங்கே போஞ்சி, கரட், கோவா, லீக்ஸ், உருளைக்கிழங்கு புதியவை. வெலிமடையில் பெரும்போகத்தில் நெல் விளையும் வயலிலேயே சிறுபோகத்தில் உருளைக்கிழங்கு போடுகிறார்கள். முதல் ஆண்டு சிறிய பாத்தியில் தொடங்குங்கள். சரிவுக்குக் குறுக்கே பாத்தி கட்டினால் மண் நிற்கும். சரிவோடு கட்டினால் முதல் மழையிலேயே போய்விடும். அட்டைக்கு உப்பு அல்லது சவர்க்காரத்தைக் காலில் பூசிக்கொண்டு இறங்குங்கள்.

மனமும் பழக நாளாகும். மூன்று நாள் வெயில் வராவிட்டால் இளையவர்கள் “திரும்பிப் போவோம்” என்பார்கள். அதைக் கேட்டு அப்பாயி அழுவார். இரண்டும் இயல்பு. யாரையும் கடிந்துகொள்ள வேண்டாம். லயத்தில் உள்ளவர்களோடு பேசிப் பழகுங்கள்; பிள்ளைகளை முதல் வாரத்திலேயே பாடசாலையில் சேருங்கள். முதல் மழைக்காலம் முடியும் முன் போவதா இருப்பதா என்ற முடிவை எடுக்க வேண்டாம் என்று குடும்பமாகப் பேசி வைத்துக்கொள்வது பலருக்கு உதவும்.

குடும்பமாகக் கலந்துபேசுங்கள்

1. நாம் போகும் ஊரின் உயரம் என்ன? எந்த மாதத்தில் போய்ச் சேர்வோம்?
2. எங்கள் வீட்டில் குளிரால் முதலில் பாதிக்கப்படக் கூடியவர் யார்? அவருக்கு என்ன ஆயத்தம் செய்துள்ளோம்?
3. இரவில் தணல் சட்டியை ஏன் உள்ளே வைக்கக்கூடாது? பத்து வயதுப் பிள்ளைக்குப் புரியும்படி ஒருவர் சொல்லிக்காட்டுங்கள்.
4. நமக்குக் காட்டப்பட்ட காணிக்கு மேலே என்ன இருக்கிறது? மழைநாளில் அதைப் போய்ப் பார்த்தோமா?
5. சிவப்பு எச்சரிக்கை நள்ளிரவில் வந்தால் எந்த வழியாக, எங்கே போவோம்? தாத்தாவை யார் தூக்குவது?