அடக்கியாளும் சிற்றிழை

நம் உடலின் உயிரணுக்கள் பெரும்பாலும் ஒரே மரபணுக்களைக் கொண்டவை. ஆயினும் கண் வேறு, கல்லீரல் வேறு ஆவது எங்ஙனம்? எந்த மரபணு எவ்வளவு செயற்பட வேண்டும் என்னும் கட்டுப்பாட்டால்தான். அதில் மைக்ரோ ஆர்.என்.ஏ.வுக்கும் பங்குண்டு.

மரபணுவின் செய்தியைத் தூது ஆர்.என்.ஏ. சுமந்துவர, அதன்படி புரதம் உருவாகிறது. ஏறத்தாழ 22 நியூக்ளியோடைடுகளே கொண்ட இச்சிற்றிழையோ, ஆர்கோநாட் என்னும் புரதத்தின் துணையோடு அத்தூதைப் பற்றிப் புரத ஆக்கத்தைக் குறைக்கிறது.

1993-இல் அம்புரோசும் ரவ்குனும் சிறு புழுவொன்றில் இதனைக் கண்டனர். 2024-இல் நோபல் பரிசு பெற்றனர்.

இக்கட்டுப்பாடு தளர்ந்தால்? ஒருவகை இரத்தப் புற்றுநோயாளர் பலரிடம் மிர்-15, மிர்-16 என்பன குன்றியிருத்தல் 2002-இல் தெரியவந்தது. அவை அடக்கிவந்த பி.சி.எல்.-2 புரதம் மிகுவதால், மடியவேண்டிய உயிரணு மடிவதில்லை. ஆக்கலைப் போலவே அடக்கலும் உயிர்க்கு இன்றியமையாதது.